பனை பிளந்த வெள்ளை

“சுண்ணாம்பு வாளியை மூடு, இனி அலை அடிக்கும்” என்றார் என் கணவர். நான் வாளியின் வாயில் ஒரு பழைய சாரத் துண்டைப் போட்டு, சணல் கயிற்றால் சுற்றி முடிந்தேன். முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அவர் சொல்லி நான் செய்த கடைசி வேலை அது.

அவர் வள்ளத்தின் பின்னணியத்தில் எஞ்சின் பிடியைப் பிடித்தபடி நின்றார். நான் அவருக்கு முகத்தையும் தீவுக்கு முதுகையும் காட்டி இருந்தேன். எங்கள் பெண்கள் வள்ளத்தில் அப்படித்தான் இருப்பார்கள். முன்னால் பார்த்து இருந்தால் உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும், சேலை நனையும். அதனால் போகும்போது தீவு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரும்பி வரும்போதுதான் அதைப் பார்ப்போம், அது மறையும்வரை பார்த்துக்கொண்டே வருவோம்.

முன்னணியத்தில் சுகந்தன் நின்றான். என் கணவரின் தங்கை ஐவியின் ஒரே மகன். இருபத்துமூன்று வயது.

“மாமா, கோயிலைக் காணேல்லையே” என்று கத்தினான்.

“உனக்குப் போனுக்குள்ள இருக்கிறது மட்டும்தானேடா தெரியும்.”

“உண்மையா மாமா. ஒரே பத்தையாக் கிடக்கு.”

என் கணவர் கண்ணைச் சுருக்கி என் தலைக்கு மேலாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் இளகியது. நான்கு வருடம் கழித்து வீட்டு விறாந்தையைக் கண்டவர் போல இருந்தது.

“வெள்ளை தெரியுது. பனையைப் பார். பிளக்குது, பிளக்குது” என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அவர் முகத்தில் எல்லாம் தெரிந்தது.

அடுத்த அலை எங்களைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தது.

இதை விளங்கிக்கொள்ளத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கரிச்சான் தீவு கொட்டியாரக் குடாவைக் கடந்து, வெளிச்சவீட்டு முனையையும் தாண்டித் தெற்கே, ஈச்சிலம்பற்றுக் கரைக்கு எதிரே கடலுக்குள் தள்ளிக் கிடக்கிறது. திருகோணமலையில் விடியமுன் வெளிக்கிட்டால் வெயில் ஏறும்போது போய்ச் சேரலாம். ஒரு யாகப்பர் கோயில், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று, முருகைக்கல்லில் கட்டிய சில வீடுகள். எல்லாம் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்கள். என் கணவர் யேசுரட்ணம் அங்கே பிறந்தவர். நான் பாலையூற்றில் பிறந்து, அவரைக் கட்டி, அங்கே நான்கு வருடம் குடியிருந்தவள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை இறுகியபோது எல்லோரும் திருகோணமலைக்கு வெளிக்கிட்டோம். வீட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டுதான் வந்தோம். பிறகு போய்ப் பார்த்தபோது சாவி மட்டும்தான் மிச்சம்.

சண்டை முடிந்த பின்பு வருடத்தில் ஒரு நாள், ஜூலையில் யாகப்பர் திருநாளன்று, போய்வரத் தொடங்கினோம். காலையில் போய், பூசை கண்டு, சமைத்துச் சாப்பிட்டு, பொழுது சாயமுன் திரும்பிவிடுவோம். இறங்கியதும் முதல் வேலை சுண்ணாம்பு. ஆண்கள் கோயில் முகப்புக்கு வெள்ளை அடித்து முடிக்கும்வரை பூசை வைக்க வந்த சுவாமி பூவரச நிழலில் காத்திருப்பார். புதிதாக வந்த சுவாமி ஒருவர் இதைப் பக்தி என்று நினைத்துப் பிரசங்கத்தில் புகழ்ந்தார். எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

அது பக்தி மட்டும் அல்ல. தீவைச் சுற்றி நீருக்கடியில் முருகைக்கல் பாறை வேலிபோல ஓடுகிறது. அதில் வள்ளம் நுழையக்கூடியதாக ஒரே ஒரு திறப்பு. அதை வாய் என்போம். கரையில் ஒரு தனிப்பனை. அதற்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில், கோயில். கடலிலிருந்து பார்க்கும்போது பனையின் உடம்பு அந்த வெள்ளைச் சுவரைச் சரிநடுவில் பிளக்கவேண்டும். பிளந்தால் வாய்க்கு நேரே நிற்கிறீர்கள். பிளக்காவிட்டால் கல்லுக்கு நேரே. அங்கே பிறந்த பிள்ளைகள் செபத்தோடு சேர்த்து அதையும் பாடமாக்கினார்கள்: வெள்ளையைப் பனை பிளந்தால் விடு.

கொரோனா வந்த இரண்டு ஜூலையும் நாங்கள் போகவில்லை. அதற்கடுத்த வருடம் நாட்டில் எஞ்சினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. அப்படியே மூன்று திருநாள் தவறியது. மாரிமழை சுவரில் பாசியை ஏற்றியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த முறை சுண்ணாம்பு கூடுதலாகக் கொண்டுபோனோம். எங்கள் வள்ளம் முன்னால் போனது. வயதில் மூத்தவர் முன்னால் போவார், மற்ற வள்ளங்கள் அவருடைய நுரைத்தடத்தைப் பிடித்து வரும். பின்னால் வருகிறவர்கள் பனையையோ கோயிலையோ பார்ப்பதில்லை. பார்த்தால் முன்னால் போகிறவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

வள்ளம் சரிந்தபோது சுகந்தன் தடியோடு கல்லில் குதித்தான், அடியைத் தள்ளிவிடலாம் என்று. அடுத்த அலை வள்ளத்தை அவன்மேல் போட்டது. என் கணவர் அவனைப் பிடிக்கப் போனார். நான் கண்டது அவ்வளவுதான். வாளி உடைந்து என்னைச் சுற்றித் தண்ணீர் வெளுத்தது. நான் போட்ட முடிச்சு கடைசிவரை அவிழவில்லை. பின்னால் வந்த வள்ளக்காரர் என்னைச் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். சுகந்தனை அன்றே எடுத்தார்கள். அவரை அடுத்த நாள்.

மரண விசாரணையில் நான் கேட்டதைச் சொன்னேன். “வெள்ளை தெரியுது எண்டு சொன்னவர்.”

“எந்த வெள்ளை அம்மா?”

“கோயில்.”

தேடப் போனவர்கள் எடுத்த படம் ஒன்றை ஒருவர் போனில் காட்டினார். கோயில் முகப்பு கரிச்சட்டி போலக் கறுத்துக் கிடந்தது. நெற்றியில் ஆலங்கன்று ஒன்று முளைத்திருந்தது. படத்தில் கோயிலைத் தவிர வேறொன்றும் இல்லை. விசாரித்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டியின் கவனயீனம் என்று முடிந்தது.

எங்கள் ஒழுங்கைத் தெருவில் அதை வேறு விதமாகச் சொன்னார்கள். கிழவனுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது, ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார்கள். விடிய வெளிக்கிடும்போதே கொஞ்சம் போட்டிருந்தார் என்றும் சொன்னார்கள். என் கணவர் குடிப்பார். கடலுக்குப் போகும் நாளில் குடிப்பதில்லை. ஊசியில் நூல் கோத்துத் தருவது அவர்தான், எனக்குத்தான் கண் தெரியாது. இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வது? செத்தவருக்குப் பெண்சாதி சொல்லும் சாட்சி.

ஐவி சொன்னதுதான் என்னை அறுத்தது. செத்தவீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “என்ர பிள்ளை கோயிலைக் காணேல்ல எண்டு சொன்னவனாம். கேட்டவரோ? அவருக்குத்தானே எல்லாம் தெரியும்.” சுகந்தனின் மரண அறிவித்தலில் மாமன், மாமி, மச்சான் என்று கனடாவில் இருக்கிறவர்கள்வரை பெயர் போட்டாள். ‘யேசுரட்ணம் அவர்களின் பாசமிகு மருமகனும்’ என்ற வரி மட்டும் இல்லை. பெற்ற தகப்பனில்லாத பிள்ளைக்கு உறுதிபூசுதலில் ஞானத் தகப்பனாக நின்றவர் அவர். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி. அதில் ஆள் நுழையும் ஒரு பொட்டு இருந்தது. முப்பது வருடமாக அதற்குள்ளால்தான் கறிச்சட்டியும் கதையும் போய்வந்தன. அவள் அதை வரிச்சு வைத்துக் கட்டி அடைத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது. அவர் எந்த வெள்ளையைக் கண்டார்? காணாததைக் கண்டேன் என்று சொல்லும் ஆள் அவர் இல்லை. அவர் முகம் இளகியதை நான் பார்த்தேன். ஏதோ வெள்ளை அங்கே இருந்தது. நான் திரும்பியிருந்தால் நானும் கண்டிருப்பேன். அதைக் கண்டு ஐவிக்குக் காட்டவேண்டும். வேறு யாருக்கும் காட்டத் தேவையில்லை.

அடுத்த வருடத் திருநாளுக்கு எங்கள் சொந்த வள்ளங்களில் போகக்கூடாது என்று கோயில் சபை முடிவெடுத்தது. தீவில் ஒரு சுற்றுலாக் கம்பெனி வந்திருந்தது. கொழும்புக் கம்பெனி. பகல்பொழுதுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டிக் கூட்டிவரும். எங்களையும் அதே போட்டில் ஏற்றிப்போக ஒத்துக்கொண்டார்கள். நிபந்தனைகளும் இருந்தன. அடுப்பு மூட்டக்கூடாது. பொலித்தீன் கொண்டுவரக்கூடாது. பழைய கட்டடத்தில் வர்ணம் எதுவும் பூசக்கூடாது.

“பழைய கட்டடம் எண்டா எது?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“கோயிலைத்தான் சொல்லுறாங்கள்” என்றார் செயலாளர்.

போட்டில் எல்லோருக்கும் செம்மஞ்சள் லைப் ஜக்கற் மாட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்த கிழவி, தீவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, அதைப் போட்டதும் குனிய முடியாமல் தவித்தாள்.

“சொந்த வீட்டுக்குப் போக ரிக்கற் எடுக்கிற சனம் நாங்கள் மட்டும்தான்” என்றாள்.

“திரும்பி வாறதுக்கும் சேத்துத்தானே மாமி. போன முறை ரிக்கற் இல்லாமப் போனவை திரும்பேல்ல” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சொன்னவளுக்கு நான் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஐவி நான்கு வரிசை தள்ளி, வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்து இருந்தாள். அவள் முகம் அசையவில்லை. மடியில் ஒரு மல்லிகைச் சரம், சுகந்தனுக்குக் கடலில் போட.

நான் அவளுக்கு முதுகு காட்டி முன்னணியத்தில் போய் இருந்தேன். என் வாழ்நாளில் முதல்முறையாக முன்னால் பார்த்து.

போட்டை ஓட்டியவர் கிண்ணியாக்காரர், றிப்தி என்று பெயர், முப்பது வயது இருக்கும். முன்னால், எனக்குப் பக்கத்தில் சுக்கானடியில் ஒரு போனை மாட்டி, அதிலிருந்த வழிப்படத்தைப் பார்த்தே ஓட்டினார். வெளிச்சவீட்டு முனை கழிந்ததும் மைக்கை எடுத்தார். கம்பெனி சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவேண்டும் போலிருந்தது.

“அன்பான பயணிகளே, நாம் இப்போது சென்றுகொண்டிருப்பது மனிதக் காலடி படாத கன்னித் தீவான…”

“அப்ப நாங்கள் ஆர் தம்பி, நண்டோ?” என்றாள் கிழவி.

போட்டே சிரித்தது. றிப்தியும் சிரித்துவிட்டு மைக்கை நிறுத்தினார். “மன்னிச்சுக்கொள்ளுங்க. வெள்ளைக்காரனுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிட்டு” என்றார்.

தீவு முதலில் ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. பிறகு பனை. கோயிலைத் தேடினேன். சுகந்தன் சொன்னது சரி, கோயில் இல்லை. பற்றைக்குள் பற்றையாக மூழ்கிக் கிடந்தது. பனைக்கு இடப்புறம், கோயில் இருக்கவேண்டிய இடத்துக்குப் பின்னால் மேட்டில், மரங்களுக்கு மேலே, வெயிலில் பளீரென்று ஒரு சதுர வெள்ளை.

என் கை லைப் ஜக்கற்றைப் பிடித்துக்கொண்டது.

“தம்பி, அந்த வெள்ளையா நிக்கிறது என்ன?”

“அதுவா? தண்ணித்தாங்கி அன்ரி. கம்பெனி கட்டினது. கக்கூசுக்குத் தண்ணி வாறது அதிலிருந்துதான்.”

“எப்ப கட்டினது?”

“எண்ணெய் இல்லாம கிடந்தமே, அந்த வருசம். அவங்களுக்கு எண்ணெய் இருந்தது.”

போட் தீவைச் சுற்றி இடப்புறமிருந்து வந்துகொண்டிருந்தது. பனை மெல்ல நகர்ந்தது. மெல்ல மெல்ல அந்த வெள்ளைச் சதுரத்தை நோக்கிப் போனது. அதன் ஓரத்தைத் தொட்டது. பிறகு, நான் மூச்சு விடமுன், அதைச் சரிநடுவில் பிளந்தது. மனைவியாகப் போன முதல் நாள் அவர் என்னைத் திருப்பிக் காட்டியது போலவே. பிசகே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெள்ளை.

“தம்பி, இப்ப நேரா உள்ள விட்டா?”

றிப்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “இதுக்குள்ளயா? கல்லு அன்ரி. வாய் இன்னும் அங்கால இருக்கு.” பிறகு அவருக்கும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும். எஞ்சினைக் குறைத்தார். “போன வருசம் அந்த வள்ளம் உடைஞ்சது இந்த இடத்திலதான்” என்று சத்தமில்லாமல் சொன்னார்.

“அது என்ர மனுசன்.”

அவர் போட்டை அலையில் ஆடவிட்டு அப்படியே பிடித்து வைத்திருந்தார். நான் எழுந்து பின்னால் திரும்பினேன்.

“ஐவி, திரும்பிப் பார். ஒருக்காப் பார்.”

எல்லோரும் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. மல்லிகைச் சரத்தை அவிழ்த்துப் பூப்பூவாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஐவி, உன்ர அண்ணை கண்ட வெள்ளை அங்க நிக்குது.”

“எனக்கு ஒண்டும் பாக்க வேண்டாம்” என்றாள் தண்ணீரைப் பார்த்தபடி. “இவவை இருக்கச் சொல்லுங்கோ. போட் ஆடுது.”

யாரோ என் தோளைப் பிடித்து இருத்தினார்கள். றிப்தி போனைப் பார்த்துப் போட்டைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் பனை நகர்ந்து இன்னொரு இடத்தில் நின்றது. அங்கே அதற்குப் பின்னால் ஒரு கறுத்த சுவர், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. அதையும் பனை சரிநடுவில் பிளந்தது. நாங்கள் வாய்க்குள்ளால் போனோம். கல்லைத் தொடவில்லை.

கரையில் எங்களை வரவேற்றவர் கம்பெனியின் பொறுப்பாளர். சோமசேகரம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. செவ்விளநீர் வெட்டித் தந்தார்கள். எங்கள் கிணற்றடியில் கதிரை போட்டிருந்தார்கள். நாங்கள் உடுப்புத் தோய்த்த கல்லின் மேல் ஒரு பூச்சாடி.

“அம்மா முந்தி இஞ்ச வந்திருக்கிறீங்களோ?” என்று கேட்டார்.

“வரேல்ல. இருந்தனான்.”

“அப்பிடியா, அருமை. அப்ப உங்களிட்ட நிறையக் கதை இருக்கும். எங்கட விருந்தாளிகள் உப்பிடியான கதைகளை விரும்புவினம்.”

“ஒரு கதை இருக்கு” என்றேன். சொன்னேன். வாய், பனை, சுவர், தாங்கி. நான் சின்ன வயதிலிருந்தே வாசிக்கிறவள், ஒழுங்காகச் சொல்லத் தெரியும். அழவில்லை. முடிவில் கேட்டேன்: “அந்தத் தாங்கிக்குப் பச்சை அடிச்சு விடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

அவர் கவனமாகக் கேட்டார். முகம் உண்மையாகவே வாடியது. “சரியான கவலையான விசயம் அம்மா. கட்டாயம் கொழும்புக்கு அறிவிக்கிறன். ஆனா வெள்ளை எண்டாத்தான் உள்ளுக்குத் தண்ணி சூடாகாது. மற்றது, இப்ப எங்கட போட் எல்லாம் போனைப் பாத்துத்தானே வருது. தாங்கியைப் பாத்து ஒருத்தரும் வாறதில்ல.”

“எங்கட ஆக்கள் வருவினம்.”

“அவை இனி எங்கட போட்டிலதானே வருவினம்” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு ஆறுதல் தெரிந்தது, பிரச்சினை தீர்ந்ததுபோல.

“அப்ப கோயிலுக்காவது வெள்ளை அடிக்க விடுங்கோ. நாங்களே அடிப்பம்.”

“அது மட்டும் ஏலாது அம்மா. பழசா இருக்கிறதிலதான் அதின்ர வடிவு.”

கோயிலுக்கு முன்னால் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் ஆலங்கன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்தது, ‘கைவிடப்பட்ட வழிபாட்டிடம்’ என்று. அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் பலகை எழுதியவன்மேல் அல்ல. எங்கள் செயலாளர் அதன் கீழே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

பூசை நடந்தது. சுவாமி மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். கடல் யாரையும் வேண்டுமென்று கொல்வதில்லை என்றார். யேசுரட்ணத்துக்காகவும் சுகந்தனுக்காகவும் மன்றாடுவோம் என்றபோது, என் கணவரின் பெயருக்கு முன்னால் ‘தவறிழைத்த’ என்று ஒரு சொல்லை மெதுவாகச் சேர்த்தார். இரக்கத்தோடுதான் சேர்த்தார். ஐவி ஆமென் சொன்னாள். நான் சொல்லவில்லை.

மத்தியானம் கம்பெனி கொண்டுவந்த பெட்டிச் சாப்பாடு. மீன்கூட இல்லை, கோழி. கடலுக்கு நடுவில் இருந்து கோழி தின்றோம்.

திரும்பும்போது நான் இடம் பிடிக்க அவசரப்படவில்லை. எல்லோரும் ஏறட்டும் என்று நின்றேன். ஐவி தன் பழைய இடத்தில், பின்பக்கம் பார்த்து இருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு இடம் வெறுமையாக இருந்தது. யாரும் அங்கே இருக்க விரும்பவில்லை. நான் போய் அங்கே இருந்தேன். அவளுக்கு முகம் காட்டி, தீவுக்கு முதுகு காட்டி. போன வருடம் அவருக்கு முன்னால் இருந்ததுபோல.

அவள் எழும்பப் பார்த்தாள். போட் வெளிக்கிட்டுவிட்டது.

வாயைக் கடந்து வெளியே வந்ததும் நான் றிப்தியைப் பார்த்தேன். கேட்கவில்லை, பார்த்தேன். அவர் அந்த இடம் வந்ததும் எஞ்சினைக் குறைத்தார். மைக்கை எடுக்கவில்லை.

இப்போது தீவு ஐவியின் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் தலையைத் திருப்பினால் என்னைத்தான் பார்க்கவேண்டும், குனிந்தால் பூப்போட்ட தண்ணீரை. கொஞ்ச நேரம் அவள் மடியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். பழக்கம்தான். திரும்பும்போது மறையும்வரை தீவைப் பார்ப்பது அவள் உடம்பில் ஊறிய பழக்கம். அவள் அங்கே பிறந்தவள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சுருங்கியது. என் தலைக்கு மேலாக எதையோ தேடியது, கண்டது, நின்றது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே பிறந்த பிள்ளைகள் பாடமாக்குவது.

“பிளக்குது” என்றாள் பிறகு.

“ஓம்.”

“இது வாய் இல்லையே.”

“இல்ல. கல்லு.”

அவள் நெடுநேரம் பார்த்தாள். போட் ஆடியது. பனை வெள்ளையின் ஓரத்துக்குப் போய் மறுபடியும் நடுவுக்கு வந்தது. கிழவி செபமாலையை எடுத்தாள். இப்போது என் கையைப் பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன், அதை மறைப்பானேன்.

“நானா இருந்தாலும் விட்டிருப்பன்” என்றாள்.

“ஓம் ஐவி.”

“நீங்கள் இதை எனக்குக் காட்டாமல் விட்டிருக்கலாம் மச்சாள்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் கண் தீவை விட்டு நகரவில்லை.

“அண்ணையைத் திட்டித் திட்டித்தான் இந்த ஒரு வருசமும் நித்திரை கொண்டனான். விடிய எழும்பினதும் அவரைத்தான் திட்டுவன். செத்த மனுசன், அவருக்கு நோகாது. எனக்கு ஒரு ஆள் இருந்தது திட்ட. இனி ஆரைத் திட்டச் சொல்லுறீங்கள்? தண்ணித்தாங்கியையோ?”

என் புருசனின் பெயரை மீட்டுக்கொண்டு நான் அவள் முன்னால் இருந்தேன். அவளிடமிருந்து எதை எடுத்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

றிப்தி எஞ்சினைக் கூட்டினார். தீவு மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். துறைமுகத்துக்குள் வந்து இறங்கியபோது அவளுக்குக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இறங்கினாள், பிறகு கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ஒழுங்கையில் கதை மாறியது. மாறியதென்று சொல்வதற்கும் இல்லை. “பாவம் யேசுரட்ணம் அண்ணை, தாங்கி ஏமாத்திப் போட்டுது” என்று இரண்டொரு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். அதே ஆட்கள்தான், பூ விழுந்த கண்ணை முதலில் கண்டுபிடித்தவர்கள். சபைக் கூட்டத்தில் தாங்கியைப் பற்றிக் கதைப்போம் என்றார் செயலாளர். கதைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கம்பெனி திருநாளுக்கு ஒரு போட் கூடுதலாகத் தர ஒத்துக்கொண்டதாம். விசாரணைத் தீர்ப்பைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். படித்தவர் ஒருவர், திருத்தினால் யாருக்கு என்ன லாபம் என்று என்னிடம் பதிலுக்குக் கேட்டார்.

ஐவி வேலிப் பொட்டை வெட்டித் திறந்தாள். ஒரு காலை நான் குசினியில் நின்றபோது கத்திச் சத்தம் கேட்டது. ஆனால் அதற்குள்ளால் வரவில்லை. நானும் போகவில்லை. இப்போது அந்தப் பக்கம் அவள் முற்றத்தில் இருப்பது தெரிகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பாள். முந்தி விடிய எழும்பியதும் அவள் வாய் கேட்கும், அண்ணனைத் திட்டுகிற வாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இப்போது அதுவும் கேட்பதில்லை. எந்தச் சத்தம் கூட நோகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருடத் திருநாளுக்கும் கம்பெனிப் போட்டில் போனேன். ஐவி வரவில்லை. நான் முன்னால் பார்த்து இருந்தேன். கோயில் முகப்பில் ஆலங்கன்று மரமாகி, சுவரில் வெடிப்பு விட்டிருந்தது. பலகையில் பாசி. கிணற்றடிக் கதிரைகளில் இரண்டு உடைந்திருந்தன. கம்பெனி எல்லாவற்றையும் அப்படியே விட்டிருந்தது.

தாங்கிக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள்.